கேள்வி-பதில்: கம்ப்யூட்டருக்குள் போன கேஸ் ஷீட்

கேள்வி: நோயாளிகளின் பதிவுகளுக்கு கிளினிக்கிலேயே சர்வர் வைப்பதா, கிளவுடில் (இணையம் வழியாக வேறொரு கம்பெனியின் சர்வரில்) போடுவதா? — மடிப்பாக்கம்

பதில்: 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

கேள்வி: தனி ஆளாக கிளினிக் நடத்துகிறேன். நாலு வருடமாக ஒரே சாஃப்ட்வேர். இந்த வருடம் சந்தாவை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். விலகினால் ஒன்பதாயிரம் நோயாளிகளின் விவரத்தையும் பிடிஎஃப்பாகத்தான் தருவார்களாம். — டாக்டர், பெரம்பூர்

பதில்: நன்றாக மடக்கியிருக்கிறார்கள், டாக்டர். இந்த விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம், நீளமாகத்தான் சொல்வேன். விற்க வருகிறவர் தகவலை உள்ளே போடுவது எவ்வளவு சுலபம் என்று காட்டுவார். வெளியே எடுப்பதைக் காட்டமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். பிடிஎஃப்பைக் கண்ணால் படிக்கலாம், அவ்வளவுதான். ஒன்பதாயிரம் பேரின் அலர்ஜியையும் சர்க்கரை அளவையும் புது சாஃப்ட்வேரில் யார் உட்கார்ந்து அடிப்பது? மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016 தரநிலைகளின்படி பதிவில் உள்ள தகவல் நோயாளியின் சொத்து. மருத்துவர் அவர் சார்பில் அதை வைத்திருப்பவர். சாஃப்ட்வேர்காரர் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. இதைச் சொல்லி, எக்செல்லில் திறக்கிற சிஎஸ்வி கோப்பாகத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், ‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை’ என்றுதான் எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். அதனால் முதலில் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அடுத்து வாங்கும்போது பத்து பொய்ப் பெயர்களை ஏற்றி, அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள். என் மனைவியின் தையல் கடைக்கு ‘ஆயுட்கால’ பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கியவன் நான். யாருடைய ஆயுள் என்று கேட்கவில்லை. பதினாலு மாதத்தில் கம்பெனியின் ஆயுள் முடிந்தது.

கேள்வி: கண்காட்சியில் தள்ளுபடி என்று ஐந்து வருடப் பணத்தையும் கட்டிவிட்டேன். டெமோ பார்க்கவில்லை. மருந்துச் சீட்டில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது. — பல் மருத்துவர், குரோம்பேட்டை

பதில்: தி.நகரில் புடவையைப் பிரித்துப் பார்க்காமல் பில் போடச் சொல்வீர்களா? பணத்தைக் கேட்டுப் பாருங்கள். வந்தால் எனக்கும் சொல்லுங்கள், ஒரு பாக்கி இருக்கிறது.

கேள்வி: டாக்டர் முகத்தைப் பார்க்காமல் டைப் அடிக்கிறார். ஃபீஸைத் திரும்பக் கேட்கலாமா? — அண்ணா நகர்

பதில்: முடியாது. என் டாக்டர் இன்னும் கையால்தான் எழுதுகிறார். அந்தக் கையெழுத்துக்கு உங்கள் டாக்டர் தேவலை.

கேள்வி: தைராய்டுக்காகப் போகும் கிளினிக்கில் சிஸ்டம் மாற்றினார்கள். பழைய ரிப்போர்ட் ‘சர்வரில் இல்லை’ என்றார்கள். இப்போது ஐந்நூறு ரூபாய் கட்டினால் தேடித் தருகிறார்களாம். — இல்லத்தரசி, வேளச்சேரி

பதில்: இல்லாதது ஐந்நூறு ரூபாய்க்கு எப்படி முளைக்கும், அம்மா? உங்கள் மேல் தப்பே இல்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தரவேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை. தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஒரு ஓட்டை உண்டு: அதே நெறிமுறை மூன்று வருடம் பாதுகாக்கச் சொல்வது உள்நோயாளிகளின் பதிவுகளைத்தான். அதனால் ஒவ்வொரு சீட்டையும் அன்றன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இல்லாவிட்டால் டோக்கன் இல்லை என்கிறார்கள். கட்டாயமா? — கொடுங்கையூர்

பதில்: இல்லை. அந்த 14 இலக்க எண் அவரவர் விருப்பம். ‘வேண்டாம், டோக்கன் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.