திரை சொல்வதும் உள்ளே நடப்பதும்

வாசகர்களின் கணினிக் கேள்விகளுக்கு மென்பொருள் நிரலாளர் ஒருவர் விடையளிக்கிறார்.

கேள்வி: என் விண்டோஸ் மடிக்கணினியில் வைஃபை அவ்வப்போது காணாமல் போகிறது. ஷட் டவுன் செய்து மறுநாள் காலை இயக்கினாலும் வருவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விண்டோஸ் 7 வரை ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தன. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி சேர்ந்துகொண்டது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், நீங்கள் திறந்துவைத்த செயலிகள் மூடப்படுகின்றனவே தவிர, இயங்குதளத்தின் மையப்பகுதியும் அதில் ஏற்றப்பட்ட டிரைவர்களும் (வைஃபை போன்ற வன்பொருள்களை இயக்கும் நிரல்கள்) அந்த நேரத்தில் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே நினைவகத்துக்குத் திரும்புகின்றன. ஆகவே வைஃபை டிரைவர் கோளாறான நிலையில் இருந்திருந்தால், அந்தக் கோளாறும் இரவு முழுவதும் பத்திரமாகக் காத்திருந்து காலையில் எழுந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுக்கும்போது மட்டும் எல்லாம் புதிதாக ஏற்றப்படுகிறது. டாஸ்க் மேனேஜரில் கணினி எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்ற கணக்கைப் பாருங்கள். நேற்று இரவு அணைத்த கணினி பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாக அது காட்டக்கூடும்.

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று இந்த வசதியையே நிறுத்திவிடலாம். எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகம் பொருத்திய கணினிகளில் இந்த வசதியால் மிச்சமாகும் நேரம் சில நொடிகள்தான் என்பதால் நான் முதல் வேலையாக அதை நிறுத்திவிடுவது வழக்கம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளமும் வைத்திருப்பவர்கள் அதை நிறுத்துவது கட்டாயம் என்றே சொல்வேன்; பாதி உறக்கத்தில் இருக்கும் விண்டோஸின் வட்டுப் பகுதியில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை 2003இல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். புதிய கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இல்லை ஐயா, ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. சொல்லப்போனால், அந்தக் கோப்பில் தமிழ் ஒருநாளும் இருந்ததில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தவை. நீங்கள் 'தமிழ்' என்று தட்டியபோது கோப்பில் பதிவானது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகள். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது எழுத்துரு. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் முகமூடி கழன்றுவிட்டது.

உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் உண்டு என்பதால் எந்த எழுத்துருவில் பார்த்தாலும் அது தமிழாகவே இருக்கும். வைப்பு முறையும் வேறு: பாமினியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாக இருக்கும், யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும் ஒலிக்கும் வரிசையில் இருக்க, கொம்பை முன்னே கொண்டுபோய் வரைவது மென்பொருளின் பொறுப்பு. தேடுவதும் அகரவரிசைப்படுத்துவதும் ஒழுங்காக நடப்பதற்கு இந்த அமைப்புதான் அடிப்படை. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய தமிழ் எழுத்துக் குறியீடுகளை அறிவித்தபோதும் பழைய எழுத்துருக்கள் மறையவில்லை. யூனிகோடை அரசு தன் தரமாக ஏற்றது 2010இல்தான். அதற்கு முன் தட்டச்சான மலர்களும் ஆய்வேடுகளும் உங்கள் கோப்பைப் போலவே எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன.

அச்செடுக்க மட்டும் வேண்டுமென்றால் பாமினியை நிறுவினால் போதும். ஆனால் நூலைத் திருத்தி மற்றவர்களுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால், எழுத்துரு மாற்றும் செயலி ஒன்றின் துணையுடன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அந்தச் செயலி அவற்றையும் தமிழாக்கிப் பொருளற்ற எழுத்துகளாகத் தரும் என்பதால், பத்தி பத்தியாக மாற்றிச் சரிபார்ப்பது நல்லது. கைப்பழக்கத்தை விட வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற செயலிகளில் பாமினி விசைப்பலகையிலேயே யூனிகோடு தட்டலாம்.

கேள்வி: 1 டிபி என்று வாங்கிய ஹார்ட் டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டிபி என்கிறார். விண்டோஸ் ஆயிரத்தால் வகுக்காமல் 1,024ஆல் வகுத்துக்கொண்டே போய், விடையை ஜிபி என்ற அதே பெயரில் காட்டுகிறது. மேக் கணினியில் 2009ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஆயிரக் கணக்குதான் என்பதால், அதே வட்டு அங்கே ஏறக்குறைய 1 டிபி என்றே தெரியும். இதில் விண்டோஸின் பிடிவாதத்துக்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: உபுண்டுவில் 2 ஜிபி திரைப்படக் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்தால் சில நொடிகளில் முடிந்ததாகக் காட்டுகிறது. ஆனால் இஜெக்ட் கொடுத்தால் வெகுநேரம் காக்கவைக்கிறது. பிடுங்கிவிட்டால் படம் பாதியில் நிற்கிறது.
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: முடிந்தது என்று திரை காட்டியபோது கோப்பு போய்ச் சேர்ந்திருந்த இடம் பென்டிரைவ் அன்று, கணினியின் ரேம் எனும் நினைவகம். மெதுவான கருவிகளுக்காகச் செயலிகள் காத்திருக்கக் கூடாது என்று, உபுண்டுவின் அடிப்படையான லினக்ஸ் தரவை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பின்னர் சாவகாசமாக எழுதுகிறது. நொடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் எழுதும் பென்டிரைவில் 2 ஜிபி உண்மையிலேயே பதிவாக மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும். இஜெக்ட் கொடுத்தபின் நீங்கள் காத்திருப்பது அந்த நேரத்தைத்தான். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், கழற்றக்கூடிய கருவிகளுக்கு இவ்வாறு சேர்த்துவைக்காத முறையே இயல்பாக அமைக்கப்பட்டிருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. உபுண்டுவில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் 'சிங்க்' (sync) கட்டளையைக் கொடுத்தால், சேர்ந்திருக்கும் தரவு முழுவதும் எழுதப்பட்ட பிறகே அடுத்த வரி வரும். அதன்பின் இஜெக்ட் கொடுத்தால் உடனே முடியும், பிறகு கழற்றலாம்.