இடுப்பு பிடித்துக்கொண்டால் படுப்பதா, நடப்பதா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இடுப்பு வலியைப் பற்றியவை. தண்டையார்பேட்டையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மீன் கூடை, ஐஸ் பெட்டி, கேஸ் சிலிண்டர், மூன்றாவது மாடிக்குத் தண்ணீர்க் குடம் என்று எங்கள் பக்கத்தில் இடுப்பை நம்பித்தான் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. திடீரென்று வந்து, ஆறு வாரத்தைத் தாண்டாத வலியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். வருடக்கணக்காகத் தொடரும் வலிக்கு வைத்தியம் வேறு.

கேள்வி (காசிமேடு): ஐஸ் பெட்டி தூக்கும்போது இடுப்பு சடக்கென்று பிடித்துக்கொண்டது. நாலு நாள் ஆகிறது. பத்து நாள் எழுந்திருக்கவே கூடாது என்கிறார்கள் வீட்டில். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. என்ன செய்வது?

படுத்தே கிடக்காதீர்கள் அண்ணா. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

ஒரு காலத்தில் மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். என் அப்பா பெரம்பூரில் மில் தொழிலாளி. நான் ஐந்தாவது படிக்கும்போது அவருக்கும் இப்படித்தான் பிடித்துக்கொண்டது. ஒரு மருத்துவமனையில் சேர்த்து, காலில் பட்டை கட்டி, கட்டில் விளிம்பில் கப்பி வைத்து, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, மூன்று வாரம் மல்லாக்கப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது வலி குறைந்திருந்தது. ஆனால் தொடை சூம்பியிருந்தது. வாசற்படி ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த மாதச் சம்பளமும் போயிற்று. மணல் மூட்டைதான் தன்னைக் காப்பாற்றியது என்று கடைசி வரை நம்பினார். மூன்று வாரத்தில் அந்த வலி பெரும்பாலும் தானாகவே தணிந்திருக்கும். இப்படி எடை கட்டி இழுக்கும் இழுவை சிகிச்சையைப் பற்றி நடந்த 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை. அது, அதனால் பலன் ஏதும் இல்லை அல்லது மிகக் கொஞ்சம் என்றே சொன்னது.

படுக்கையைப் பற்றிய ஆய்வுகள் அதற்கும் முன்பே வந்துவிட்டன. 1986-இல் அமெரிக்காவில் 203 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு 2 நாள், இன்னொரு பகுதிக்கு 7 நாள் படுக்கச் சொன்னார்கள். 2 நாள் பிரிவினர் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. வலி குணமானதில் வித்தியாசம் இல்லை. 1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு ‘வலி விடுகிற அளவுக்கு உங்கள் வேலையைப் பாருங்கள்’ என்ற ஒரே அறிவுரை. மூன்றாவது பிரிவுதான் நன்றாகத் தேறியது. படுத்தவர்கள் எல்லாரையும்விட மெதுவாகத் தேறினார்கள்.

அதற்காக நாளைக்கே ஐஸ் பெட்டி தூக்கச் சொல்லவில்லை. மேஸ்திரியிடம் பேசி ஒன்றிரண்டு வாரத்துக்கு எடை போடுவது, கணக்கு எழுதுவது மாதிரி வேலையைக் கேளுங்கள். ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்காராதீர்கள். காலையில் எழும்போதுதான் உயிர் போகும். அப்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயலாதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் ஒரே கட்டையாக ஒரு பக்கம் புரட்டுங்கள். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே, மேலே இருக்கும் கையைப் படுக்கையில் ஊன்றித் தள்ளி எழுங்கள். பாயில் படுப்பவர் என்றால் புரண்டு, மண்டியிட்டு, சுவரைப் பிடித்து எழலாம். எழுந்ததும் வீட்டுக்குள்ளேயே பத்து நடை.

கேள்வி (வியாசர்பாடி): வயது 34, தையல் வேலை. இடுப்பு வலி வந்து ஒரு வாரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’ என்று வந்திருக்கிறது. டிஸ்க் நகர்ந்துவிட்டது, இனி குனியவே கூடாது என்கிறார்கள். இரவெல்லாம் தூக்கம் இல்லை.

தங்கச்சி, டிஸ்க் நகர்வதில்லை. முதுகெலும்பில் இரண்டு எலும்புக்கு நடுவே இறுக ஒட்டியிருக்கும் மெத்தை அது. எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள். ‘பல்ஜ்’ என்றால் அதன் ஓரம் கொஞ்சம் புடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்காவது புடைத்திருந்தது. 2015-இல், வலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும் பல்ஜ் இருந்தது. தலை நரைப்பது போல டிஸ்கும் வயதைக் காட்டுகிறது. உங்கள் ஸ்கேனில் தெரிவது இந்த வலிக்கு முன்பே அங்கே இருந்திருக்கலாம்.

அதனால்தான் அபாய அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் ஆரம்ப வாரங்களில் ஸ்கேன் தேவையில்லை என்று பெரும்பாலான வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த ஸ்கேன் ரிப்போர்ட் காகிதத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுத்து, அதில் இருக்கும் சொற்களைப் பார்த்துப் பயந்து, குனிந்து குழந்தையைத் தூக்கக்கூடத் தயங்கும் பெண்களை வாரா வாரம் பார்க்கிறேன். குனியுங்கள், மெதுவாக ஆரம்பியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மிஷினை விட்டு எழுந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்பக்கம் ஐந்து தரம் வளையுங்கள். அந்த ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி (புளியந்தோப்பு): மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் வலி மாத்திரை போதுமா, ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமா?

பாராசிட்டமாலிலிருந்து ஆரம்பிப்போம். 2014-இல் ஆஸ்திரேலியாவில் 1,650 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வில், அதை வேளை தவறாமல் சாப்பிட்டவர்கள் குணமாக 17 நாள் ஆயிற்று. வலித்தால் மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் 17. மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலியைக் கொஞ்சம் குறைக்கும். நூறு புள்ளி வலியில் ஏழு புள்ளி என்ற கணக்கில்தான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் பின், சில நாள் மட்டும்.

கடைகளில் கிடைக்கும் மூன்று மருந்து கலந்த மாத்திரைகளில் தசையைத் தளர்த்தும் மருந்தும் இருக்கும். நியூயார்க்கில் அவசர சிகிச்சைக்கு வந்த 323 பேரை வைத்து 2015-இல் வெளியான ஆய்வில், நாப்ராக்ஸன் என்ற வலி மாத்திரையோடு தசைத் தளர்த்தியையோ அபின் வகை மருந்தையோ சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, நாப்ராக்ஸன் மட்டும் சாப்பிட்டவர்களைவிட அவர்கள் கூடுதலாக ஒன்றும் தேறியிருக்கவில்லை. 2023-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வும், அபின் வகை மருந்து இந்த வலியில் மாவு மாத்திரையை மிஞ்சவில்லை என்று காட்டியது. ஊசியில் ஏறுவதும் பெரும்பாலும் அதே வலி மருந்துதான். குணமாவதை அது முந்திக்கொண்டு வராது.

சரி, கையில் என்ன இருக்கிறது? சூடு. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15, 20 நிமிடம். சிறிய அளவுதான் என்றாலும் பலனுக்கு ஆய்வுச் சான்று உண்டு, செலவும் இல்லை. சர்க்கரை நோயால் தோல் மரத்திருப்பவர்கள் மட்டும் சூட்டை வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் கிளம்பிய பிறகுதான் அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்கிறார் மாமியார்.

வேண்டாம். பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் முதுகுச் சிகிச்சைக்கு ஆய்வுகளில் சிறிதளவு பலன் தெரிகிறது. மிதிப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. எலும்பு தேய்ந்த வயதானவர்களை மிதித்தால் முதுகெலும்பே நொறுங்கலாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். அக்கறையில்தான் சொல்கிறார்.

கேள்வி (எண்ணூர்): கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். வலி இடுப்பில் ஆரம்பித்துப் பின்தொடை வழியாகப் பாதம் வரை ஷாக் அடிப்பது போல இறங்குகிறது. ஆபரேஷன் வேண்டுமா?

இது சயாட்டிகா, நரம்பு அழுந்துவதால் வருவது. வெறும் இடுப்பு வலியைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். 1999-இல் நெதர்லாந்தில் 183 பேரிடம் பார்த்ததில், இரண்டு வாரம் படுத்தவர்களும் படுக்காதவர்களும் பன்னிரண்டாவது வாரத்தில் ஒரே அளவு, 87 சதவீதம் பேர், தேறியிருந்தார்கள். 2007-இல் அதே நாட்டில் 283 பேரிடம் நடந்த ஆய்வில், சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி வேகமாக விட்டது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பிரிவும் ஒன்றுதான். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆகவே பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ உடனே போகவேண்டும். இல்லையென்றால் ஆறு, எட்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். துறைமுக கேட்டில் வரிசை நிற்கும்போதெல்லாம் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): அம்மாவுக்கு 58 வயது. ஒரு மாதமாக இடுப்பு வலி, சாயங்காலத்தில் லேசான காய்ச்சல், உடம்பு இளைத்திருக்கிறார். ராத்திரி படுத்தால் வலி கூடுகிறது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்கிறோம்.

எண்ணெயை நிறுத்திவிட்டு நாளைக் காலையில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மேலே நான் சொன்ன எதுவும் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. காய்ச்சல், இளைப்பு, ராத்திரி வலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முதுகெலும்பையும் அரிக்கும், விட்டால் கால் செயலிழக்கும். நேரத்தில் பிடித்தால் மருந்திலேயே குணமாகும், மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். ஸ்கேன் தேவைப்படுவது இவரைப் போன்றவர்களுக்குத்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும்: சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புற்றுநோய் வந்து குணமானவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், கீழே விழுந்த முதியவர்கள் ஆகியோருக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (ராயபுரம்): பெல்ட் போடலாமா? கட்டாந்தரையில் படுத்தால் நல்லதா?

வேலை நேரத்தில் பெல்ட் தைரியம் கொடுத்தால் சில நாள் போடுங்கள். திரும்ப வலி வராமல் அது தடுப்பதாகச் சான்று இல்லை. தரை கட்டாயம் இல்லை. 2003-இல் ஸ்பெயினில் நாள்பட்ட வலி உள்ள 313 பேரிடம் பார்த்ததில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே மேலாக இருந்தது.

கேள்வி (திருவொற்றியூர்): போன வருடம் வந்தது, சரியாகி இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. வராமல் தடுக்க வழி உண்டா?

உண்டு, அது நடை. 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வலி வந்து குணமான 701 பேரில் ஒரு பகுதியை பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலில் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டச் சொன்னார்கள். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு. நடக்காதவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் வலி திரும்பியது, நடந்தவர்களுக்கு 208 நாள் வரை தள்ளிப்போயிற்று.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். நம் தெருவில் பிளாட்பாரம் பைக்குக்கும் டிபன் கடைக்கும் போக மிச்சம் இருப்பதில்லை என்பது தெரியும். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் கடலோரச் சாலையில் லாரி கொஞ்சம் குறைவு. அது முடியாவிட்டால் மொட்டை மாடி. இருபதடி மாடியிலும் எட்டு போட்டு நடக்கலாம். இரண்டு வாரம் நடந்துவிட்டு எத்தனை நிமிடம் முடிகிறது என்று எழுதுங்கள், அதற்கேற்ப அடுத்த கணக்கைச் சொல்கிறேன்.