கையில் வராத பணத்துக்கும் வரி உண்டு

மனைவி இங்கே நர்ஸ், நான் டிபெண்டன்ட் விசாவில் பிரிட்டன் வந்து மூன்று மாதம் ஆகிறது, நண்பரோடு பாதிக்குப் பாதி சேர்ந்து கேட்டரிங் தொடங்கப்போகிறேன். பாலக்கோட்டில் அப்பா இருக்கும் கூட்டு வியாபாரத்தில் ஃபர்மே வரி கட்டிவிடும், இங்கேயும் அப்படித்தானா அண்ணா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை தம்பி, நேர் தலைகீழ்.

எங்கள் பெரியப்பா கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் பங்குதாரர். லாபத்துக்கு ஃபர்ம் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் கட்டிவிடும். மிச்சத்தில் அவர் பங்கு கைக்கு வரும்போது அதற்கு மறுபடி வரி கிடையாது. சம்பளம், வட்டி என்று எடுத்தால்தான் அது அவர் கணக்கில் ஏறும். அதைப் பார்த்து வளர்ந்த நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே சாதாரணக் கூட்டு வியாபாரம் தன் லாபத்துக்கு வருமான வரி கட்டாது. இவ்வளவு லாபம், இவருக்கு இவ்வளவு பங்கு என்று ஒரு படிவம் மட்டும் கொடுக்கும். வரியை ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியாக, தனி ஆளாகத் தொழில் செய்பவர் கட்டுவது போலவே கட்ட வேண்டும். அதுவும் உங்கள் பங்கு எவ்வளவோ அதற்கு. நீங்கள் எடுத்துக்கொண்ட பணத்துக்கு அல்ல.

நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நானும் ஒருவரும் சேர்ந்து சமையல் ஆர்டர் எடுத்தோம். வீட்டுச் செலவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, பெரிய கிச்சனுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று மீதியைக் கூட்டுக் கணக்கிலேயே விட்டுவைத்தோம். ஜனவரியில் வரி வந்து நின்றபோது பணம் அட்வான்ஸாகப் போய்விட்டிருந்தது. மனைவியின் வளையல் ஒன்று அந்த வாரம் அடகுக்குப் போனது. இன்றும் ஜனவரி வந்தால் கையைத் தூக்கிக் காட்டுவாள்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். ஆண்டு லாபம் 60,000 பவுண்ட், உங்கள் பங்கு 30,000 என்று வையுங்கள். நீங்கள் எடுத்தது 18,000 தான் என்றாலும் கணக்கு 30,000-க்குத்தான். வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 விகிதப்படி முதல் 12,570-க்கு வரி இல்லை. மீதி 17,430-க்கு 20 சதவீதம் வருமான வரி, 3,486. அதே தொகைக்கு 6 சதவீதம் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புக் கட்டணம், சுமார் 1,046. ஆக 4,532.

சரி, இத்தோடு முடிந்ததா? இல்லை. முதல் தடவை கட்டும்போதே அடுத்த ஆண்டுக்கான முன்பணமாக இதில் பாதியையும் சேர்த்துக் கேட்பார்கள். அதனால் ஜனவரி 31 அன்று கட்ட வேண்டியது 6,798. ஜூலை 31-க்குள் இன்னொரு 2,266. முந்தைய ஆண்டு வரி 1,000 பவுண்டுக்குள் இருந்தால் முன்பணம் கிடையாது. லாபம் குறைகிறது என்று தெரிந்தால் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். நமக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்!

தேதிகள்தான் ஆளைத் தூங்க வைக்கும். இங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை. மே மாதம் தொடங்கினால், அந்த ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையில் பதிவு, அதற்கடுத்த ஜனவரியில்தான் முதல் பணம். இருபது மாதம் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பணமெல்லாம் நம்முடையது போலவே தெரியும். பதிவும் மூன்று: உங்களுக்கு ஒன்று, நண்பருக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று. வரிப் படிவம் ஒரு நாள் தாமதமானாலும் 100 பவுண்ட் அபராதம்; கூட்டுப் படிவம் தாமதமானால் ஆளுக்கு நூறு.

நான் இப்போது வரவில் நூற்றுக்கு முப்பதை அன்றன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அந்தக் கணக்கின் கார்டு என்னிடம் இல்லை, வளையல்காரியிடம் இருக்கிறது.