மூன்று இரும்புத் துண்டுகள்

வணக்கம் சார்,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு திட்டத்தில், பிள்ளைகள் கருவிகளைக் கையாண்டு பழகும் கூடம்) இருக்கிறது, ஆனால் எப்போதாவதுதான் திறக்கிறார்கள். விடுமுறைக்கு 3டி பிரிண்டர் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். எது வாங்கலாம்? நண்பர் ஒருவர், முதலில் அரம் பிடிக்கக் கற்றுக்கொடு என்கிறார். பெண் குழந்தைக்கு அது சரிப்படுமா? எல்லாம் சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) ஆகிவிட்ட காலத்தில் அரம் எதற்கு?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

பிரிண்டர் எதுவானாலும் பரவாயில்லை, பழகுவதற்குச் சின்னதே போதும். ‘பெண் குழந்தைக்கு’ என்ற கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள், அவள் காதில் விழும்படி கேட்கவே கேட்காதீர்கள். வைஸின் (துண்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி) தாடை அவள் முழங்கை உயரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எட்டவில்லை என்றால் காலடியில் ஒரு பலகை போடுங்கள்.

அரம் எதற்கு என்று கேட்டீர்களே, கொஞ்ச நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிங்கரிங் லேப் திட்டம் 2016இல் வந்தது. ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை தருகிறார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் கிட் பெட்டியைத் திறந்தால் துளைகள் எல்லாம் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கும், பிள்ளை ஸ்குரூவை முடுக்குவதோடு சரி. அந்தத் துளையை அங்கே கொண்டுவருவதுதானே பாடம்? அதைத் தொழிற்சாலைக்காரன் செய்து அனுப்பிவிட்டான். பெற்றோர் கண்காட்சியில் கைதட்டிவிட்டு வருகிறோம்.

உங்கள் மகளோடு படிக்கும் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். 50 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் உள்ள எம்எஸ் பிளாட்டில் (மைல்ட் ஸ்டீல் பட்டை), இரும்பறுக்கும் ஹாக்சா ரம்பத்தால் 52 மி.மீ. நீளத்துக்கு ஆளுக்கொரு துண்டு அறுக்கட்டும். பிளேடின் பல் முன்னோக்கி இருக்க வேண்டும். துண்டின் மேல் கருப்பாக ஒரு செதில் இருக்கும், இரும்பைவிடக் கெட்டி. அதில் புது அரத்தை வைத்தால் பல் போய்விடும். பழைய அரத்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். பிறகு 12 அங்குல பாஸ்டர்டு (முரட்டுப் பல் அரம்), அடுத்து 10 அங்குல செகண்ட் கட் (நடுத்தரப் பல்), கடைசியில் ஸ்மூத் (நைசான பல்).

அகன்ற முகத்தை மட்டமாக்குவதுதான் முதல் வேலை. முதல் நாள் யார் ராவினாலும் முகம் நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும்தான் வரும். காரணம் எளிது. தள்ளத் தொடங்கும்போது துண்டுக்கு முன்னால் அரம் கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கும், முடிக்கும்போது பெரும்பகுதி முன்னால் போய்விடும். இரண்டு கையும் ஒரே அழுத்தம் கொடுத்தால் அரம் சீசா பலகை மாதிரி ஆடும். தொடங்கும்போது இடது கை அழுத்த வேண்டும், நடுவில் இரண்டும் சமம், முடிவில் வலது கை. திரும்பி வரும்போது அழுத்தவே கூடாது, அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பல்லிடுக்கில் துகள் சிக்கினால் முகத்தில் ஆழமான கீறல் விழும். அதற்குச் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளலாம், அவ்வப்போது கம்பி பிரஷ்ஷால் பல் போக்கிலேயே துலக்கலாம். ராவிய முகத்தைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. தடவினால் வியர்வையும் எண்ணெயும் ஒட்டி, அடுத்த தள்ளலில் அரம் வழுக்கும்.

மட்டமா என்று ட்ரை ஸ்கொயரின் (மூலைமட்டம்) பிளேடை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கலாம், நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களிலும். ஆனால் அந்த பிளேடே நேரானது என்று யார் சொன்னது? கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை இதைக் கேட்கும். மூன்று துண்டு என்று நான் சொன்னது இதற்காகத்தான். ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் விளக்கிய வழி இது. இரண்டு துண்டுகளில் ஒன்று மேடாகவும் இன்னொன்று அதே அளவு குழியாகவும் இருந்தால், ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திவிடும். இரண்டும் மட்டம் என்று ஏமாந்துபோவோம். மூன்றாவது துண்டு வந்தால் ஏமாற்ற முடியாது. மேட்டோடு பொருந்துகிற மாதிரி அதை ராவினால் அதுவும் குழியாகிவிடும். இரண்டு குழிகளை எதிரெதிரே வைத்தால் ஓரத்தில் மட்டுமே தொடும். ஒன்றில் நீல மையை மெல்லிசாகப் பூசி மற்றதோடு தேய்த்தால் எங்கே ஒட்டியிருக்கிறதோ அது மேடு, அங்கே மட்டும் ராவ வேண்டும். 90 டிகிரி திருப்பி வைத்தும் தேய்க்கவும், முறுக்கம் இருந்தால் அப்போதுதான் தெரியும். மூன்றும் எப்படி மாற்றி வைத்தாலும் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தினால் மூன்றுமே மட்டம். கடையில் வாங்கிய அளவுகோல் எதுவும் நடுவில் வரவில்லை, கவனித்தீர்களா? பதினாலு வயதுப் பிள்ளை இதை ஒரு முறை கையால் செய்துவிட்டால், துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று அதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பக்கங்கள். ஒன்றை முகத்துக்கு 90 டிகிரியில் முடித்துவிட்டு, இரண்டாவதை முகம், முதல் பக்கம் இரண்டுக்கும் 90 டிகிரியில் ராவ வேண்டும். அளவுகள் எல்லாம் இந்தப் பக்கங்களிலிருந்துதான். மயில்துத்தக் கரைசல் தடவினால் இரும்பில் செம்புப் படலம் படியும், ஸ்கிரைபரால் (கோடு கீறும் ஊசி) கீறிய கோடு பளிச்சென்று தெரியும் (விஷம், கையைக் கழுவச் சொல்லுங்கள்). எம்10 (10 மி.மீ. போல்ட்டுக்கான) மரை போடுவதென்றால் 8.5 மி.மீ. துளை. டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவி) அரைச்சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பாவிட்டால் சுருள் அடைத்து டேப் உள்ளேயே ஒடியும், எடுப்பது பெரும்பாடு.

சிஎன்சி கேட்டீர்கள். அந்த மெஷினும் எந்த முகத்திலிருந்து அளக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கும். தாடைக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு பர் (வெட்டிய ஓரத்துப் பிசிறு) கிடந்தால், மிகத் துல்லியமாகத் தப்பாக வெட்டித் தரும்.

பிரிண்டர் வாங்கினால் முதலில் பொம்மை வேண்டாம். 20 மி.மீ. கனசதுரம், நடுவில் 10 மி.மீ. துளை. வெர்னியர் வைத்து அளக்கட்டும். துளை பெரும்பாலும் சிறுத்துத்தான் வந்திருக்கும், ஏன் என்று அவளே தேடட்டும். அரத்தைக் கைப்பிடி இல்லாமல் அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள், அரத்தின் கூரான வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

அன்புடன்.