ஜப்பானிலிருந்து வந்த பழைய சிறிய டிராக்டரின் இன்ஜினைப் பிரிக்கும் முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஐந்து ஏக்கர் செம்பனையில் புல் வெட்டவும் குலை இழுக்கவும், ஜப்பானில் ஏற்கெனவே ஓடிய 20 குதிரைத்திறன் அளவுள்ள சிறிய டிராக்டர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் போல வேலை செய்தபின் இழுவை மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. கியர் பெட்டி எண்ணெய் தே தாரிக் என்னும் பால் தேநீரின் நிறத்தில் இருக்கிறது. இன்ஜினை முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். அதைச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தோட்டப் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்துவிட்டு, இப்போது இதே வகை டிராக்டர்களைத்தான் சிறு தோட்டக்காரர்களுக்குப் பழுதுபார்த்துத் தருகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் பிஸ்டன் ரிங்கையோ சிலிண்டரையோ குற்றம் சாட்டவில்லை. ரிங் தேய்ந்த டீசல் இன்ஜின் காலைக் குளிர்ச்சியில்தான் அதிகம் அடம்பிடிக்கும். சூடேறினால் ஓரளவு சரியாக ஓடும். உங்களுடையது அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. நன்றாக ஸ்டார்ட் ஆகி, ஓட ஓடப் பலம் இழந்து, ஓய்வு கொடுத்தால் திரும்பவும் ஓடும் இன்ஜினுக்கு டீசல் போதுமான அளவில் வந்து சேரவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதைச் சோதிக்கக் காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. டிராக்டர் திணறத் தொடங்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டு, இன்ஜின் தெளிந்து ஓடினால், மூடியிலுள்ள சிறிய காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்கிற்குள் வெற்றிடம் உண்டாகி, டீசல் கீழே இறங்க மறுக்கும். அந்தத் துளையைக் கழுவினாலே பழுது தீர்ந்துவிடும். மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால், சுத்தமான டீசலை ஒரு சிறு தோம்பில் ஊற்றி, இன்ஜினைவிட உயரமாகவும் உறுதியாகவும் சூடான புகைக்குழாயிலிருந்து தள்ளியும் கட்டி, அதிலிருந்து தனிக்குழாய் ஒன்றை ஃபில்டரின் நுழைவாயிலில் நேரடியாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் தடையின்றி ஓடினால், குறை டேங்கிலோ, அதன் அடியிலுள்ள வலைச்சல்லடையிலோ, ஃபில்டர் வரையுள்ள ரப்பர் குழாயிலோதான் இருக்கிறது.

நம் நாட்டு டீசலைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பம்பில் நாம் சாதாரணமாக அடிக்கும் பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். 2019 முதல் நடைமுறையில் உள்ள கலவை இது. பயோடீசலுக்குக் கரைக்கும் தன்மை அதிகம். ஆகையால் பல ஆண்டுகள் சாதாரண டீசலில் ஓடிய டேங்கின் சுவரில் படிந்திருந்த அழுக்கை அது கழற்றிக்கொண்டு வந்து ஃபில்டரில் சேர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது உப்பச் செய்து இளக்கிவிடும். வெளியே பார்த்தால் குழாய் நன்றாகத்தான் தெரியும், உள்ளே சுவர் வீங்கித் துவாரம் குறுகியிருக்கும். பயோடீசல் ஈரத்தையும் எளிதில் ஏற்கும். இரவெல்லாம் ஈரக்காற்று நிறைந்த நம் ஊரில் பாதி டேங்கோடு நிறுத்தி வைத்தால் உட்சுவரில் நீர் வியர்த்துக் கீழே சேரும். டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த வழுவழுப்பான கசடாகும். அந்தக் கசடு இழுபட்டு வந்து டேங்கின் வெளிவாயை மூடுவதும், இன்ஜின் நின்றதும் மெல்ல விலகி வழிவிடுவதும், உங்கள் டிராக்டர் ஓய்வுக்குப்பின் ஓடுவதை அப்படியே விளக்கக்கூடும்.

எனவே டேங்கைக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். ரப்பர் குழாய்கள் அனைத்தையும் பயோடீசலுக்குத் தாங்கும் குழாய்களாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். பயோடீசலுக்கு மாறிய பழைய இன்ஜினில் புது ஃபில்டர்கூட முதல் சில டேங்க்குகளுக்குள் அடைபடலாம், ஆதலால் இன்னொன்றைக் கையில் வைத்திருங்கள். பல ஜப்பானிய டிராக்டர்களில் ஃபில்டர் கிண்ணத்திற்குள் ஒரு சிவப்பு வளையம் இருக்கும்; அது மேலே மிதந்தால் கிண்ணத்தில் நீர் இறங்கியிருக்கிறது என்று அறியலாம். கட்டுப்படியானால் சற்று விலை கூடிய பி7 டீசலை அடியுங்கள். அதில் பயோடீசல் ஏழு விழுக்காடுதான். எதை அடித்தாலும் வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வைப்பதே நல்லது.

ஃபில்டர் மாற்றியபின் ஏர் எடுக்காமல், அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றாமல், ஸ்டார்ட்டரை ஓட்டிக்கொண்டே இருப்பது பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் கேடு. டீசல் வால்வைத் திறந்து, ஃபில்டரின் மேலுள்ள திருகை நுரையில்லாத டீசல் வழியும்வரை தளர்த்தி மூடுங்கள். பிறகு இன்ஜினின் டீசல் பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலுக்குச் செல்லும் குழாய்களின் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, பத்து விநாடிக்கு மேற்படாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றி, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். அந்நேரத்தில் அக்குழாய்களின் அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். நாசில் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளிக்காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

டீசல் வழி சீரான பின்பும் இழுவை வரவில்லையென்றால்தான் இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பிரிப்பதற்கு முன் அளந்தறியும் வழிகள் இருக்கின்றன. சூடான இன்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். லேசான ஆவி வருவது இயல்பு. குப்குப்பென்று புகை தள்ளி மூடியைத் துள்ளவைத்தால், சிலிண்டரில் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி இறங்குகிறது. நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை பெரும்பாலும் அடைத்த காற்று ஃபில்டரையோ அளவுக்கு மீறிய பாரத்தையோ, விடாத வெண்புகை எரியாத டீசலையோ சிலிண்டருக்குள் இறங்கும் நீரையோ குறிக்கும். இறுதியாக, டீசலுக்குரிய மீட்டரைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் இன்ஜின் மீட்டர் இந்த அழுத்தத்தைத் தாங்காது. அந்த எண்களைக் கையில் தராமல் ஓவர்ஹால் என்று சொல்லும் எவரிடமும் உங்கள் இன்ஜினை ஒப்படைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கியர் பெட்டி. அந்தப் பால் நிறம் எண்ணெயோடு நீர் கலந்ததனால் வருவது. இன்ஜின் எண்ணெயில் அந்நிறம் தெரிந்தால் இன்ஜினின் மேல்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் என்னும் அடைப்புத் தகட்டைப் பார்க்க வேண்டும். கியர் பெட்டியில் தெரிந்தால் அது பெரும்பாலும் மழைநீர்தான். கியர் கம்பிகளின் அடியிலுள்ள ரப்பர் உறை வெடித்திருக்கும். வெட்டவெளியில் நிறுத்திய டிராக்டருக்குள் ஒவ்வொரு மழையும் அவ்வழியே இறங்கும். ஏப்ரல், மே, பின்னர் அக்டோபர், நவம்பர் என ஆண்டில் இருமுறை பேராக்கில் மழை வலுக்கும்போது இது விரைவாக நடக்கும். இவ்வகை டிராக்டர்களில் பின்னால் கருவிகளைத் தூக்கும் ஹைட்ராலிக்கும் பெரும்பாலும் இதே எண்ணெயில்தான் இயங்குகிறது. ஆகவே கியரும் பேரிங்கும் துருப்பிடிப்பதோடு ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்து தேயும். முதலில் ரப்பர் உறைகளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது எண்ணெய்க்கும் இதே கதிதான். பிறகு ஓட்டிச் சூடாக்கி, எல்லா வடிதிருகுகளையும் திறந்து வடியவிட்டு, உறிஞ்சுசல்லடையைக் கழற்றிக் கழுவி, விலை குறைந்த ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றிப் பாரமில்லாமல் சிறிது நேரம் ஓட்டி அதையும் வடித்துவிடுங்கள். அதன்பின் டிராக்டரின் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்கிற்கும் பொதுவாகத் தயாரிக்கப்பட்ட எண்ணெயை ஊற்றுங்கள். லாரிக்குரிய தடித்த கியர் எண்ணெயை ஊற்றினால் ஹைட்ராலிக் பம்ப் அதை இழுக்க முடியாமல் ஓலமிடும்.

நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டராக இருந்தால் முன்னச்சின் இரு முனைகளிலும் எண்ணெய்யைச் சோதியுங்கள். ஜப்பானின் நெல்வயல் சேற்றில் ஓடியவற்றில் அங்குள்ள ஆயில் சீல்கள் தேய்ந்து நீர் புகுந்திருப்பது வழக்கம்.

உதிரிப் பாகம் கிடைக்காது என்று பயந்துதான் பலர் இவ்வகை டிராக்டரைக் கைவிடுகிறார்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட மாடலின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் கைவிரிப்பது உண்மையே. ஆனால் குபோடா, யன்மார் போன்றவற்றின் சிறிய இன்ஜின்கள் பல, ஜெனரேட்டரிலும் குட்டி மண்வாரி இயந்திரத்திலும் ஓடுகின்றன. ஆதலால் டிராக்டரின் பெயரை விட்டுவிட்டு, இன்ஜின் உடலில் பதித்துள்ள எழுத்தையும் எண்ணையும் கொண்டு ஈப்போவில் கேளுங்கள். பேரிங்குகளுக்கு எந்த நிறுவனத்தின் பெயரும் வேண்டியதில்லை. 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். உலகில் எவர் செய்தாலும் அதே அளவு. ஆயில் சீலின் மீதும் மூன்று அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்து வாங்கலாம். போல்ட்டில் மட்டும் கவனம் தேவை. இந்த டிராக்டர்களில் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 பிச் (மரைகளுக்கு இடையேயான தூரம், மில்லிமீட்டரில்) மரை; சாதாரணக் கடையில் கிடைப்பதோ 1.5 பிச். முதல் இரண்டு சுற்று ஏறுகிறதே என்று அதை ஸ்பேனரால் திருகினால் கியர் பெட்டியின் மரையே பாழாகும்.

ரேடியேட்டரின் முன்னுள்ள வலையில் லாலான் புல்லின் பூவும் புல்தூளும் ஒட்டிக்கொள்ளும். புல் வெட்டும் நாட்களில் அதை நாளுக்கு ஒருமுறையாவது தட்டிச் சுத்தப்படுத்துங்கள். பழைய சிறிய இன்ஜின்கள் சிலவற்றில் நீர் பம்பே கிடையாது. சூடான நீர் மேலேறி ஆறிய நீர் கீழிறங்கும் இயல்பை நம்பியே அவை குளிர்கின்றன. அவற்றில் நீர் மட்டம் கொஞ்சம் குறைந்தாலும் சுழற்சி நின்றுவிடும். செம்பனைத் தோட்டத்தில் எலிகள் மின்கம்பிகளைக் கடிப்பதால் ஃபியூஸ் பக்கத்தையும் அவ்வப்போது பாருங்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால், கிளட்ச் மிதியை அழுத்திய நிலையில் பிடித்துவைக்கும் கொக்கி இருந்தால் மாட்டிவிடுங்கள். நம் ஈரக்காற்றில் கிளட்ச் தட்டு துருவேறி ஒட்டிக்கொள்வதை அது தடுக்கும்.

புல்வெட்டும் ஸ்லாஷரை மாட்டப்போவதாக எழுதியிருப்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தப் பழைய மாடல்கள் பலவற்றில், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பின்தண்டுக்கும் சக்கரத்திற்கும் ஒரே கிளட்ச்தான். நீங்கள் கிளட்சை மிதித்தாலும் கனமான ஸ்லாஷர் கத்தி சுழன்ற வேகத்தில் தண்டைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அது கியர் பெட்டி வழியாகச் சக்கரத்தையும் தள்ளும். பிரேக் பிடித்தும் டிராக்டர் மரத்தையோ கால்வாயையோ நோக்கிப் போகும். ஒரு பக்கம் மட்டும் சுழல அனுமதிக்கும் இணைப்பியைத் தண்டுக்கும் ஸ்லாஷருக்கும் இடையில் மாட்டினால் இது நிற்கும். ஆறு பல் கொண்ட தண்டா, அதன் விட்டம் என்ன என்று அளந்து, அதற்கேற்றதை வாங்குங்கள்; வாங்கும்வரை ஸ்லாஷரை மாட்டாதீர்கள். தண்டின் மேலுறையும் கழன்றில்லாமல் இருக்க வேண்டும். கீழே நின்றபடி ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டரைத் தொட்டு ஓடவைப்பதைக் குடும்பத்தில் எவரையும் செய்ய விடாதீர்கள், கியர் விழுந்திருந்தால் டிராக்டர் ஆளின் மேலேயே ஏறிவிடும். உங்கள் நிலம் மேடுபள்ளமானது என்றால், ஓவர்ஹாலுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தை உங்கள் டிராக்டருக்கு உரிய தகுதிபெற்றதாகப் பார்த்து வாங்கிப் பின்னச்சில் பொருத்தி, இருக்கையில் பெல்ட்டும் போடுங்கள். பட்டறையில் குழாயை வளைத்து வெல்டு செய்த சட்டம் இதற்குப் பயன்படாது.