மிஸ்டரி ஷாப்பிங்: கேட்டதையே கேட்டால் என்ன சொல்வது?

வாசகர் கேள்வி - பதில்

சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், கவனித்து, வேலை கொடுத்த நிறுவனத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துப் பணம் பெறுவதுதான் மிஸ்டரி ஷாப்பிங். அதைப் பற்றிச் சேலம் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். புதிதாக வந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். புதியவர்களுக்குப் பதில் சொல்லியே சலித்துப்போனவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

சேலத்து மிஸ்டரி ஷாப்பர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறோம். வருகிறவர்கள் எல்லாரும் 'எப்படிச் சேர்வது, எவ்வளவு கிடைக்கும், பணம் எப்போ வரும்' என்று அதையேதான் கேட்கிறார்கள். 'மேலே போய்ப் படியுங்க' என்றால் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
- குழு நிர்வாகி, ஃபேர்லேண்ட்ஸ்

நேற்றுச் சேர்ந்தவருக்குப் போன மாதத்து அரட்டை பொதுவாகத் தெரியாது. அவர் மேலே போய் எதைப் படிப்பார்? தெரிந்தாலும் தேடி எடுப்பது லேசில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் குழுவில் 'பணம் வரல' என்பதை ஆளுக்கொரு விதமாக அடித்திருப்பார்கள். தேடினால் ஒன்று சிக்கும், ஒன்பது தப்பும்.

எனவே பதிலைத் தேட வேண்டிய இடத்தில் வைக்காதீர்கள், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வாட்ஸப்பில் ஒரு செய்தியை மேலே பின் (pin) செய்தால் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். பிறகு தானே இறங்கிவிடும். பல குழுக்களில் நல்ல குறிப்பு எழுதியும் பலிக்காமல் போவதற்கு இதுவே காரணம். மாறாத விஷயங்களைக் குழுவின் விவரக் குறிப்பில் எழுதிவிடுங்கள். இந்த மாதத்துச் சங்கதிகளை மட்டும் பின் செய்யுங்கள். இரண்டிலும் தேதி இருக்கட்டும். தேதியில்லாத குறிப்பைப் பார்த்தால் 'இது பழசோ' என்ற சந்தேகம் வந்து மறுபடி குழுவில் கேட்பார்கள்.

குறிப்பு போன் திரையில் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். முதல் வரி: சேர்வதற்கு யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம். அடுத்து, 18 வயது முடிந்திருக்க வேண்டும். பான் எண், தன் பெயரில் வங்கிக் கணக்கு, கேமரா நன்றாக உள்ள போன் தேவை. பிறகு, ரிப்போர்ட் ஏற்கப்பட்டபின் பணம் வர 30 முதல் 60 நாள் ஆவது சகஜம். கடைசியாக, இது மாதச் சம்பளம் அல்ல. இவ்வளவு போதும். 'ஐயா, அம்மா, அன்பர்களே' என்று ஆரம்பித்தால் முக்கியமான வரி திரைக்குக் கீழே போய்விடும்.

ஆனால் குறிப்பை எழுதி வைத்துவிட்டோம், இனி வாயே திறக்க வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. 'எவ்வளவு கிடைக்கும்?' என்பதைக் கேட்பவர் எல்லாரும் ஒரே கேள்வியையா கேட்கிறார்கள்? சூரமங்கலத்தில் வண்டியில்லாத கல்லூரி மாணவர் கேட்பது பஸ் செலவு கட்டுப்படியாகுமா என்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாலு மணி நேரம் ஓய்வாக இருக்கும் அம்மாபேட்டை இல்லத்தரசி கேட்பது அந்த நேரத்துக்கு ஏற்ற வேலை உண்டா என்று. வேலை போனவர் கேட்பது வீட்டு வாடகை தேறுமா என்று. அவருக்குத் தேறாது என்று நேராகச் சொல்லிவிடுவதுதான் உபகாரம். ஆகவே திருப்பி மூன்று கேளுங்கள்: எந்த ஏரியா, வண்டி உண்டா, பகலில் எத்தனை மணி நேரம் ஓய்வு. அந்தப் பதிலைப் பார்த்து இரண்டு வரி சொன்னால் அவர் மறுபடி கேட்க மாட்டார். குரல் பதிவாகப் பதில் போடாதீர்கள். அடுத்தவர் கேட்கும்போது அதைத் தேடி எடுக்கவே முடியாது.

ஒரு வகைக் கேள்வியை மட்டும் எத்தனை முறை வந்தாலும் உடனே, ஆளே வந்து பதில் சொல்ல வேண்டும். 'பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?' என்பது அது. உங்கள் குழுவில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். மோசடிக்காரரும் உறுப்பினராக உள்ளே உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால் அந்த மோசடிக்காரர் தனிச் செய்தியில் வந்து மிக மரியாதையாகப் பதில் சொல்வார். நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு இதற்கென்றே ஒரு கண் வைத்திருங்கள்.

கம்பெனியில் பதிவு செய்ய 499 ரூபாய், திருப்பித் தரப்படும் என்கிறார்கள். தொகை சின்னதுதானே, கட்டிப் பார்க்கலாமா?
- வாசகி, அம்மாபேட்டை

கட்டாதீர்கள். உங்கள் வேலைக்கு அவர்கள்தான் பணம் தர வேண்டும், நீங்கள் அல்ல. கடையில் பொருளோ சாப்பாடோ வாங்கும் செலவை முதலில் நீங்கள் போட்டு, பிறகு பில் காட்டித் திரும்பப் பெறுவது உண்டு. அந்தப் பணம் போவது கடைக்கு, வேலை கொடுக்கும் நிறுவனத்துக்கு அல்ல. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி ஏமாற்று வேலை தானே தெரிந்துவிடும்.

நம் ஊரில் நடக்கும் மோசடி பெரும்பாலும் டெலிகிராமில். ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி, முதலில் 100, 150 ரூபாய் நிஜமாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் 'முன்பணம் கட்டும் டாஸ்க்' என்று 1,000, பிறகு 5,000, பிறகு 'வரி கட்டினால்தான் மொத்தமும் வெளியே வரும்' என்பார்கள். நிஜ மிஸ்டரி ஷாப்பிங்கில் போகாத கடைக்கு நட்சத்திரம் போடும் வேலையே கிடையாது. அமெரிக்கா பக்கம் இதே மோசடிக்கு வேறு உருவம்: போலிக் காசோலை அனுப்பி, அதை வங்கியில் போட்டு, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பச் சொல்வார்கள். காசோலை திரும்பி வரும்போது கையிலிருந்த பணம் போயிருக்கும்.

இன்னொன்று. பணம் பெற யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் முடக்கி வைக்க வழி உண்டு.

எந்த நிறுவனம் உண்மையானது என்று பார்க்க, எம்எஸ்பிஏ (MSPA) என்ற, மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் உதவும். 1998-ல் தொடங்கிய இந்தச் சங்கம் தானாக யாருக்கும் வேலை கொடுப்பதில்லை. 'எம்எஸ்பிஏ-விலிருந்து பேசுகிறோம், உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று போன் வந்தால் வைத்துவிடலாம்.

'நீங்க எந்தக் கடைக்குப் போறீங்க, எவ்வளவு தர்றாங்க?' என்று புதியவர்கள் கேட்கிறார்கள். சொல்லாவிட்டால் தொழில் ரகசியத்தை மறைக்கிறோம் என்கிறார்கள்.
- வாசகர், அஸ்தம்பட்டி

பதிவு செய்யும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட ரகசிய ஒப்பந்தத்தில் கடையின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று இருக்கும். பல நிறுவனங்களில் தொகைக்கும் அதே விதிதான். மீறினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். இதை அப்படியே சொல்லுங்கள். கேட்பவரும் நாளைக்கு இதே கையெழுத்தைப் போடப்போகிறவர்தானே. கடை பெயர் சொல்லாமலே உதவ நிறைய இருக்கிறது: ரிப்போர்ட்டில் நேரத்தை எப்படிக் குறிப்பது, பில்லை எப்படிப் படம் எடுப்பது, ஷெட்யூலருக்கு எப்படி மெயில் எழுதுவது. ஷெட்யூலர் என்றால் எந்த வேலை யாருக்கு என்று ஒதுக்குகிறவர்.

ஏற்காட்டில் ஒரு ரெஸ்டாரன்ட் ஆடிட் (மிஸ்டரி ஷாப்பிங் வேலை), 400 ரூபாய் என்று வருகிறது. சேலத்திலிருந்து போய் வந்தால் கட்டுமா?
- வாசகர், கொண்டலாம்பட்டி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறிஇறங்க ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் வழக்கமான மைலேஜ் தராது. ஒன்றரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் 100 ரூபாய் என்றே போட்டாலும் 150 போய்விடும். சாப்பாட்டுக்கு 300 வரை திருப்பித் தருவார்கள் என்றால், ஜிஎஸ்டி சேர்ந்து பில் 340 ஆனால் அந்த 40 உங்கள் தலையில். மிச்சம் 210. போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல், அங்கே ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்றரை. ஆக ஒரு பகல் பொழுதே போய்விடும்.

தனியாக இந்த ஒரு வேலைக்கென்று ஏறினால் கையைக் கடிக்கும். அதே நாளில் மேலே இரண்டு வேலை சேர்ந்து கிடைத்தால் போகலாம். மாதக் கடைசியில் ஆள் கிடைக்காத மலை ஊர் வேலைக்கு ஷெட்யூலர்கள் கூடுதல் தொகை தருவதுண்டு. பயணப்படி கேட்டு ஒரு மெயில் போடுவதில் தவறில்லை. மே மாதக் கோடை விழா நாட்களில் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். போலீஸ் பாதையை ஒருவழியாக்கிக் குப்பனூர் பக்கமாக இறக்கிவிடுவதுண்டு; நேரம் கையில் நிற்காது. கூட்டத்தில் பரிமாறும் நேரத்தை அளந்தால் அது கடையின் வழக்கமான நேரமாகவும் இருக்காது.

கடைக்குப் போய் எல்லாம் சரியாகச் செய்தேன். ரிப்போர்ட்டைத் திருப்பிவிட்டார்கள். ஏன்?
- மூன்று வாசகர்கள். ஓமலூர், குகை, மேட்டூர்

மூவரும் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால் காரணம் மூன்று.

ஓமலூர்க்காரருக்குப் பில் காரணம். இப்போது கடைகள் தரும் பில் வெப்பக் காகிதம். சூடு பட்டால் மொத்தமாகக் கறுத்துவிடும். சேலத்து ஏப்ரல் வெயிலில் பைக் டிக்கிக்குள் வைத்துவிட்டு மாலையில் எடுத்தால் என்ன இருக்கும்? கடை வாசலைத் தாண்டியதுமே படம் எடுங்கள். நாலு மூலையும் படத்தில் தெரிய வேண்டும். பில் எண், தேதி, மணி, ஜிஎஸ்டி எண் தெளிவாகப் படிக்க வர வேண்டும். உணவகம் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. அது இருக்கிறதா என்று கேள்வித்தாளில் கேட்கலாம். மடித்த பில்லின் மடிப்பு மணியின் மேல் விழுந்தால் திருப்பிவிடுவார்கள்.

குகை வாசகருடையது நேரக் குளறுபடி. 'ஆர்டர் கொடுத்தது 1.10, வந்தது 1.20' என்று எழுதியிருக்கிறார், பில்லில் 1.17. வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் எழுதினால் எல்லா நேரமும் ஐந்திலும் பத்திலும்தான் முடியும். ரிப்போர்ட் சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பதே இதைத்தான். இதற்கு எளிய வழி உண்டு. வாட்ஸப்பில் உங்கள் எண்ணுக்கே ஓர் எழுத்தை அனுப்புங்கள். உள்ளே நுழைந்தால் 'நு', ஆர்டருக்கு 'ஆ', தட்டு வந்தால் 'வ', பில் கேட்டால் 'பி'. ஒவ்வொன்றின் அருகிலும் மணி தானே விழுந்துவிடும். பார்க்கிறவருக்கு யாருக்கோ மெசேஜ் அடிக்கிறீர்கள் என்றுதான் தோன்றும். நொடிக்கணக்கு கேட்டால் மட்டும் ஸ்டாப்வாட்ச்.

மேட்டூர் வாசகரின் பெட்ரோல் பங்க் ரிப்போர்ட்தான் சுவாரஸ்யம். 5 லிட்டர் அளவைக் குடுவையைக் கொண்டுவரச் சொல்லிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். வாடிக்கையாளருக்கு அந்த உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை ஏற்ற இறக்கம் அனுமதி. ஆனால் அவருக்குக் கொடுத்த வேலையில் அது இல்லை. 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, ஊழியர் 'ஜீரோ பாருங்க' என்று தானாகச் சொன்னாரா, காற்று பிடிக்குமிடம் வேலை செய்கிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குடுவை கேட்ட நிமிஷமே மேனேஜர் ஓடிவந்திருப்பார். அதற்குப் பிறகு அங்கே எல்லாரும் நல்ல பிள்ளைகள். வந்தது யார் என்று தெரிந்துவிட்ட ஆடிட்டுக்குப் பணம் கிடையாது. கொடுத்த வழிகாட்டிக் குறிப்பில் இல்லாததைச் செய்யக்கூடாது. ரகசியமாக ஒலிப்பதிவு செய்வதும் இதில் சேரும்.

கருத்து எழுதுவது பற்றியும் ஒரு சொல். 'சர்வீஸ் மோசம்' என்பது ரிப்போர்ட்டில் செல்லாது. 'கவுன்ட்டர் முன் நின்று 1 நிமிடம் 40 நொடி வரை ஊழியர் நிமிர்ந்து பார்க்கவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தார்' என்றால் செல்லும். பெயர் அட்டை இல்லாவிட்டால் உயரம், கண்ணாடி, தலைமுடி என்று அடையாளம் எழுதுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வர வேண்டுமா?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை

சரளம் வேண்டாம். பெரும்பாலான ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான். நடந்ததைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுத வந்தால் போதும்.

பான் இல்லாமல் செய்ய முடியாதா?
- வாசகர், ஜங்ஷன்

பெரும்பாலும் பதிவே முடியாது. வரி பிடிக்க வேண்டிய தொகை வந்துவிட்டால், பான் இல்லாதவருக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள்.

நான் புதியவன். குழுவில் ஒரு சந்தேகம் கேட்டேன். 'தினம் இதே கேள்வியா' என்று ஒருவர், கைகூப்பும் பொம்மை ஒருவர். பிறகு எப்படித்தான் கற்றுக்கொள்வது?
- வாசகர், ஆத்தூர்

அவர்கள் செய்தது சரியில்லை. ஆனால் உங்கள் கேள்வியை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள்: 'பேமென்ட் வரல, என்ன பண்ணலாம்?' இதற்கு யார் என்ன சொல்ல முடியும்? இப்படி எழுதிப் பாருங்கள்: 'ரிப்போர்ட் 3-ம் தேதி அனுப்பினேன். 6-ம் தேதி ஏற்கப்பட்டதாகப் போர்ட்டலில் காட்டியது. 45 நாளில் பணம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, 52 நாள் ஆகிவிட்டது. வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்துவிட்டேன். அடுத்து யாருக்கு எழுத வேண்டும்?' கடை பெயர் எங்கும் இல்லை, கவனியுங்கள். இதற்குப் பத்து நிமிஷத்தில் யாராவது பதில் சொல்வார்.

ஒப்புக்கொண்ட வேலையின் நடுவில் வரும் சந்தேகத்தைக் குழுவில் கேட்காதீர்கள், அது ஷெட்யூலருக்கு. ஐந்து ரோட்டில் போய் நிற்கிறீர்கள், கடை மூடியிருக்கிறது என்றால், மூடிய ஷட்டரும் பெயர்ப்பலகையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம். அங்கே நின்றபடியே மெயில்: எத்தனை மணிக்கு வந்தீர்கள், கதவில் என்ன எழுதியிருக்கிறது, மறுபடி எந்த நாள் வர முடியும். வீட்டுக்கு வந்து இரவில் சொன்னால் 'போகவே இல்லை' என்று பதிவாகிவிடும்.