தெருக் குப்பையும் ஒரு சாலை ஆய்வாளரும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பூங்காவில் காலி பிளாஸ்டிக் பாட்டில்களால் ஒரு மயிலைச் செய்து நிறுத்தி, அதற்குத் திறப்பு விழாவும் நடத்தினார்கள். தெருவில் கிடப்பதைப் பொறுக்கி ஒட்டுவதெல்லாம் கலையா? யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே?

பதில்: அந்த மயிலுக்காக உங்களோடு வழக்காட வரமாட்டேன். 'கழிவுப் பொருள்களால் ஆனது' என்ற பலகையை எடுத்துவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாத பொருளைக் கலை என்று சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் ஒரு மோசமான மயிலைக் காட்டி அந்த வழியையே நீங்கள் தள்ளிவிடுவதை ஏற்க முடியவில்லை.

சண்டிகரில் நேக் சந்த் செய்த ராக் கார்டன் என்ற சிற்பத் தோட்டத்தைப் பாருங்கள். இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் 1924இல் பிறந்து, பிரிவினையால் இந்தப் பக்கம் வந்து, பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர் அவர். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் திட்டப்படி பஞ்சாபின் புதிய தலைநகராகச் சண்டிகரை எழுப்புவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் சிதிலங்களையும், உடைந்த வளையல், பீங்கான், மின்சாரச் சாமான்களையும் சைக்கிளில் கொண்டுபோய், சுக்னா ஏரியருகே கட்டடமே எழுப்பக் கூடாத வனப்பகுதியில் சேர்த்துவைத்தார். சேர்ப்பதிலேயே சில ஆண்டுகள் கழிந்தன. பிறகு அரசு வேலை முடிந்த நேரங்களில், யாருக்கும் தெரியாமல், சிமெண்டால் ஆண், பெண், விலங்கு உருவங்களைச் செய்து, அவற்றின்மேல் வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் நெருக்கிப் பதித்து ஆடையாக்கினார்.

சட்டப்படி இது ஆக்கிரமிப்புதான். 1970களில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது இடித்திருக்கலாம். இடிக்காமல், 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளத்தோடு அந்தப் பணியையே ஒப்படைத்து, உதவிக்கு ஆட்களும் கொடுத்தார்கள். (அரசு அலுவலகங்களைப் பாராட்ட எனக்கு வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம், அதனால்தான் சற்று நீட்டிச் சொல்கிறேன்.) பின்னாளில் அதை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது நகரவாசிகளே குறுக்கே நின்று மறித்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2015இல் மறையும்வரை ராக் கார்டனோடுதான் இருந்தார்.

இத்தகைய கலையால் நகரத்தின் குப்பை குறைகிறது என்று விழா மேடைகளில் சொல்வதையும் நம்பாதீர்கள். ஒரு நகரம் ஒரே நாளில் கொட்டுவதைக்கூட எந்தச் சிற்பியாலும் தீர்க்க முடியாது. அது துப்புரவுத் துறையின் வேலை. சிற்பியின் வேலை, எந்தத் துண்டு எந்த உருவத்துக்கு ஆகும் என்று கண்டுகொள்வதும், ஆகாததை ஒதுக்குவதும். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறீர்கள். சண்டிகரில் அந்த வளையல் துண்டுகள் எல்லோர் காலடியிலும்தான் கிடந்தன.